வேல்ஸுக்கு மளிகை சுமக்க வேண்டியதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில் வெளியான வேல்ஸ் பயணக் கட்டுரையை விருப்பத்துடன் படித்தேன். மலைகளையும் கோட்டைகளையும் பற்றி அதில் உள்ளவற்றில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், சமையலறையுடன் கூடிய விடுமுறை வீட்டில் தங்கப் போகிறவர்கள் ஒரு வாரத்துக்கான காய்கறி, இறைச்சி உட்பட எல்லாவற்றையும் இங்கிலாந்திலிருந்தே காரில் ஏற்றிச் செல்வது நல்லது என்றும், அங்கே வாங்குவதற்குக் குறிப்பாக எதுவும் இல்லை என்றும் கட்டுரையாளர் கூறியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், கறிவேப்பிலை ஆகியவற்றை நானும் கொண்டுதான் போகிறேன். உருளைக்கிழங்கையும் ஆட்டிறைச்சியையும் பாலாடைக்கட்டியையும் வேல்ஸுக்குச் சுமந்து செல்ல எந்தத் தேவையும் இல்லை. உணவகங்களையே நம்பியிருக்கும் பயணிக்குக் கிடைக்காத ஒரு வாய்ப்பு, அடுப்புள்ள வீட்டில் தங்குகிறவருக்குக் கிடைக்கிறது: அந்த மண்ணிலும் கடலிலும் கிடைப்பதை அன்றே வாங்கித் தம் கைப்பக்குவத்தில் சமைத்துச் சாப்பிடலாம்.

கட்டுரையாளர் ஏமாற்றமடைந்ததற்குக் காரணத்தை என்னால் ஊகிக்க முடிகிறது. இத்தகைய வீடுகள் பெரும்பாலும் சனிக்கிழமை மாலையில் கைமாறுகின்றன. அந்நேரத்தில் சிற்றூர்களின் இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும், மறுநாள் ஞாயிறு. எனவே வந்தவர்கள் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய் ஒரு வாரத்துக்கும் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். நான் தங்கிய ஒரு வீட்டில் விருந்தினருக்கென வைத்திருந்த கோப்பில் சூப்பர்மார்க்கெட்டின் முகவரியும் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் உணவுக் கடைகளின் எண்களும் மட்டுமே இருந்தன. நடந்து போகும் தொலைவில் இருந்த பண்ணைக் கடையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முதல் இரவுக்கும் மறுநாளுக்கும் மட்டும் எடுத்துச் செல்லுங்கள், மற்றதை அங்கே வாங்குங்கள் என்பதே என் ஆலோசனை.

எந்த மாதத்தில் போகிறோம் என்பதைப் பார்த்துக்கொள்வது மிகவும் முக்கியம். தென்மேற்கு வேல்ஸில் உள்ள பெம்புரோக்‌ஷயரின் கடலோர நிலங்களில் உறைபனி குறைவு என்பதால் அங்கே உருளைக்கிழங்கு முந்தி விளைகிறது. மே முதல் ஜூலை வரை கிடைக்கும் அந்தப் புதுக்கிழங்குக்கு 2013 முதல் புவிசார் குறியீடு உண்டு. தோலை விரலால் தேய்த்தாலே உரிந்துவிடும். பண்ணை வாசலில் பைகளை அடுக்கி, பக்கத்தில் காசு போடுவதற்கு ஒரு பெட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆகவே சில்லறை வைத்திருப்பது நல்லது. நாள்பட வைத்திருந்தால் அதன் சுவை போய்விடும் என்பதால், தோண்டிய இடத்துக்கு அருகிலேயே வாங்கி அன்றே வேகவைத்து, உப்பு வெண்ணெயுடன் சாப்பிட வேண்டும். அந்தக் கிழங்குக்கு மசாலா சேர்க்க எனக்கு மனம் வருவதில்லை.

தெற்கே தங்குகிறவர்கள் சுவான்சி சந்தையைத் தவறவிடக் கூடாது. 1941 பிப்ரவரியில் நடந்த குண்டுவீச்சில் பழைய சந்தை அழிந்தது. இன்றுள்ள கட்டடம் 1961இல் திறக்கப்பட்டது. அதன் நடுப்பகுதியில் மட்டியும் கடற்பாசியும் விற்கும் கடைகள் இருக்கின்றன. மட்டி, கௌவர் தீபகற்பத்தின் வடகரையில் உள்ள பென்கிளௌத் பகுதியிலிருந்து வருவது. வற்றிய கழிமுகத்து மணலில் பெண்கள் கழுதைகளுடன் சென்று மட்டியை வாரிக்கொண்டு வந்த தொழில் அது. இன்றும் உரிமம் பெற்றவர்கள் கையால்தான் வாருகிறார்கள். கடற்பாசியோ பாறைகளிலிருந்து பறித்து, மணல் போகப் பலமுறை அலசி, மணிக்கணக்கில் வேகவைத்துக் கரும்பச்சை விழுதாக்கப்பட்டது. இதன் நிறத்தைப் பார்த்து நம்மவர்கள் முகம் சுளிப்பதைக் கண்டிருக்கிறேன். அங்குள்ளவர்கள் ஓட்ஸ் மாவு சேர்த்துத் தட்டி, பன்றிக் கொழுப்பில் பொரித்து, மட்டியுடன் காலையுணவாக உண்கிறார்கள். நான் வெங்காயமும் பச்சை மிளகாயும் தாளித்து, மட்டியைப் போட்டு இரண்டு புரட்டு புரட்டி, கடைசியில் இவ்விழுதைச் சேர்த்து இறக்குவேன். கடலின் உப்பு அதிலேயே இருப்பதால் தனியாக உப்புப் போட வேண்டியதில்லை. சுடுசோற்றுக்கு இதைவிடப் பொருத்தமான கறியை வேல்ஸில் நான் சமைத்ததில்லை.

செம்மறி ஆட்டிறைச்சியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ஈஸ்டர் காலத்தில்தான் வேல்ஸ் ஆட்டுக்குட்டி சிறப்பு என்று பலர் நினைக்கிறார்கள். மலையாடுகள் குட்டி ஈனுவதே மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும். புல்லில் மேய்ந்து வளர்ந்த அக்குட்டிகளின் இறைச்சி கோடையின் பிற்பகுதியிலிருந்துதான் கடைக்கு வரும். கௌவரின் உவர்ச் சதுப்பில் மேயும் ஆடுகளின் இறைச்சி ஜூன் முதல் டிசம்பர் வரை கிடைக்கிறது. 2021இல் அதற்கும் புவிசார் பாதுகாப்பு வழங்கப்பட்டது. உள்ளூர் இறைச்சிக் கடைக்காரரிடம் எந்தப் பண்ணையின் ஆடு என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் தயங்காமல் சொல்வார், குழம்புக்கு ஏற்ற எலும்புத் துண்டுகளையும் கேட்ட அளவில் வெட்டித் தருவார்.

மீன் விஷயத்தில் சற்றுக் கவனம் தேவை. வேல்ஸ் கரையில் பிடிபடும் நண்டு, சிங்கி இறால்களில் பெரும்பகுதி ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் போய்விடுவதால், துறைமுகத்திலேயே விசாரித்து வாங்க வேண்டியிருக்கும். வடக்கே கான்வி ஆற்றுமுகத்தில் நீண்ட வாரிகளால் எடுக்கப்படும் மஸல் சிப்பிகளுக்குச் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரைதான் பருவம். டைவி ஆற்றிலும் டவி ஆற்றிலும் இன்றும் சிலர் இரண்டு பரிசல்களுக்கு நடுவே வலையை இழுத்துக் கடல் டிரௌட் மீன் பிடிக்கிறார்கள் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சியளிக்கும். ஆனால் தூண்டிலில் பிடித்த கடல் டிரௌட்டை விற்பது சட்டப்படி குற்றம். ஆற்றங்கரையில் யாராவது நீட்டினால் வாங்கிவிட வேண்டாம்.

சைவ வாசகர்களும் கவலைப்பட வேண்டியதில்லை. வேல்ஸின் கேர்ஃபில்லி பாலாடைக்கட்டி, வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ், ரொட்டித்தூள் ஆகியவற்றைப் பிசைந்து பொரிக்கும் கிளமோர்கன் சாசேஜில் இறைச்சியே கிடையாது. இரண்டாம் உலகப் போரின்போது பாலையெல்லாம் செடார் என்னும் பாலாடைக்கட்டிக்கே பயன்படுத்துமாறு அரசு உத்தரவிட்டதால் கேர்ஃபில்லி தயாரிப்பு நின்றுபோனது. பின்னர் அது பெரும்பாலும் இங்கிலாந்தின் சாமர்செட்டில்தான் நடந்தது. 1984இல் பண்ணைகள் விற்கும் பாலுக்கு அளவுக் கட்டுப்பாடு வந்தபிறகு மேற்கு வேல்ஸின் சில பால்பண்ணைக் குடும்பங்கள் மீண்டும் பாலாடைக்கட்டி செய்ய இறங்கின. 1987இல் தொடங்கிய கௌஸ் கெனார்த் அவற்றுள் ஒன்று. பண்ணையில் செய்த கேர்ஃபில்லி, ஓரத்தில் மென்மையாகவும் நடுவில் உதிர்வாகவும் எலுமிச்சைப் புளிப்புடனும் இருக்கும். பிளாஸ்டிக் உறையில் வரும் கட்டியை வைத்து அதை மதிப்பிடுவது நியாயமன்று. பாலை உறையச் சேர்க்கும் ரென்னட் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததா, இல்லையா என்று மட்டும் சைவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சுற்றுலா ஊர்களில் வேல்ஸ் கொடியின் டிராகன் படம் போட்ட டப்பாக்களில் விற்கும் பிஸ்கட்டையும் மிட்டாயையும் நான் உள்ளூர் உணவாகக் கருதவில்லை. அவற்றுள் சில எங்கே செய்யப்பட்டவை என்பதைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதே ஊரின் அடுமனையில் கல்லில் சுட்டுச் சூடாக விற்கும் வெல்ஷ் கேக்கும், தேநீரில் ஊறிய உலர்திராட்சை சேர்த்த பாரா பிரித் ரொட்டியும் விலையிலும் குறைவு.

ஆகவே, தங்கள் இதழில் இனி வரும் பயணக் கட்டுரைகளில் அந்தந்த ஊரின் சந்தை நாளையும், அந்த மாதத்தில் அங்கே எது பருவம் என்பதையும் ஒரு சிறு கட்டத்தில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கார்டிகனுக்கு அருகிலுள்ள செயின்ட் டாக்மேல்ஸில் உள்ளூர் உற்பத்தியாளர்கள் கூடும் சந்தை செவ்வாய்க்கிழமை காலையில் நடைபெறுகிறது. அதன் பக்கத்திலேயே நீரால் சுழலும் மாவு ஆலை ஒன்றும் இருக்கிறது. கட்டுரையாளர் தங்கியதாக எழுதியிருக்கும் கடற்கரையிலிருந்து அது வெகுதூரமில்லை.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகி,
பிரிஸ்டல்.