0.05-ஐ 5% ஆக்கத் தெரியாத பில்லிங் மென்பொருள்: புகார்

அனுப்புநர்: கணக்குப் பிரிவு, மளிகை மொத்த விற்பனைக் கடை
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை, பில்லிங் மென்பொருள் நிறுவனம்
பொருள்: எக்செல் கோப்பிலிருந்து ஏற்றும் வரி விகிதம் தவறாகப் பதிவாவது

ஐயா,

வணக்கம். எக்செல் கட்டத்தில் 5% என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது 0.05தான். சதவீதம் என்றால் நூற்றுக்கு எத்தனை என்பது, அதனால் 0.05-ஐ 100-ஆல் பெருக்கி 5 என்று எடுக்க வேண்டும். உங்கள் மென்பொருள் பெருக்காமல் 0.05% என்றே பதிந்துகொண்டது. 2,000 ரூபாய் நல்லெண்ணெய் டின்னுக்கு ஜிஎஸ்டி 100 ரூபாய். பில்லில் விழுந்தது 1 ரூபாய்.

உதவி மையத்தில் கேட்டதற்கு, "புள்ளியை எடுத்துட்டு டைப் பண்ணுங்க சார், சரியாயிடும்" என்றார்கள். 0.05, 0.18 இரண்டிலும் புள்ளிக்குப் பின் இரண்டே இலக்கம் இருப்பதால் அது பலிக்கிறது. குளிர்பானத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40% வரி. கட்டத்தில் அது 0.4 என்று நிற்கும்; புள்ளியை எடுத்தால் 4% ஆகிவிடும். 2.5%-ஐக் குறிக்கும் 0.025-இல் எடுத்தால் 25%! புள்ளியை இரண்டு இடம் வலப்பக்கம் நகர்த்த வேண்டும், இலக்கம் போதாவிட்டால் பூஜ்யம் சேர்க்க வேண்டும். உதவி மையத்தில் இருப்பவர்களுக்கு இதைக்கூடச் சொல்லித் தராதது வருத்தமாக இருக்கிறது.

சென்ற வாரம் வந்த அப்டேட்டில் பெருக்கலைச் சேர்த்திருக்கிறீர்கள். ஆனால் பெருக்குவதற்கு முன்பே இரண்டு தசம இடத்துக்கு ரவுண்ட் செய்துவிடுகிறீர்கள். 5% வரி, சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 2.5%, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) 2.5% என்று பிரியும். 0.025 முதலில் 0.03 ஆகி, பிறகு 3% ஆகிறது. இரண்டும் சேர்ந்து 6%. அதே டின்னுக்கு வரி 120 ரூபாய். சலவைத் தூளில் 18% என்பது 0.09, 0.09 என்று பிரிவதால் பிழை வெளியே தெரியாது. 18% சரக்கை மட்டும் வைத்துச் சோதித்தால் இது கண்ணில் படாது. 12.5% தள்ளுபடியும் இதே காரணத்தால் 13% ஆகிறது.

இன்னொன்று: 1-க்குக் குறைவான எந்த எண்ணையும் மென்பொருள் தானாக 100-ஆல் பெருக்குகிறது. பட்டை தீட்டாத வைரத்துக்கு ஜிஎஸ்டி 0.25%. அதைக் கையால் 0.25 என்று அடித்தால் 25% ஆகிவிடும். எண்ணைப் பார்த்து ஊகிக்கவே கூடாது.

குறைவாகக் கட்டிய வரிக்கு ஆண்டுக்கு 18% வட்டி கடையின் தலையில்தான் விழும். வரியைக் கூடுதலாக வாங்கிய ஒவ்வொரு பில்லுக்கும் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போட வேண்டும்.

ஆகவே, ஏற்றும் கோப்பின் தலைப்பிலேயே "நூற்றுக்கு எத்தனை (5, 18, 40)" என்று அச்சிடுங்கள். சதவீத வடிவில் உள்ள கட்டமா, வெறும் எண்ணா என்று கோப்பிலிருந்தே படியுங்கள். முதலில் பெருக்குங்கள், விகிதத்தை ரவுண்ட் செய்யாதீர்கள், கடைசியில் வரும் ரூபாயை மட்டும் பைசாவுக்கு ரவுண்ட் செய்தால் போதும். சேமிக்கும் முன் ஒவ்வொரு சரக்குக்கும் "1,000 ரூபாய்க்கு வரி 50 ரூபாய்" என்று திரையில் காட்டுங்கள். கல்லாவில் இருப்பவரே பிழையைப் பிடித்துவிடுவார்.

இது சரியாகும்வரை எக்செல் ஏற்றும் வசதியை எல்லாக் கடைகளுக்கும் நிறுத்தி வையுங்கள். பிழையான பில்களின் நகல்களை இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு