அரைத்த மாவு அல்ல, அண்ணனின் தாளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏசி/டிசி என்ற ஆஸ்திரேலிய ராக் இசைக்குழுவின் 'பவர் அப்' ஆல்பத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், 'அரைத்த மாவையே அரைத்திருக்கிறார்கள்' என்ற குறையும் கூடவே வந்துவிடுகிறது. சரி, பாணி மாறவில்லைதான். ஆனால் அந்த ஆல்பம் வெளிவந்ததே பெரிய விஷயம்.

2016-இல் குழு ஏறக்குறைய கலைந்தே போயிருந்தது. காது கேட்காமலே போய்விடும் அபாயத்தால் பாடகர் பிரையன் ஜான்சன் சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்டார். பேஸ் கிட்டார் வாசித்த கிளிஃப் வில்லியம்ஸ் ஓய்வை அறிவித்தார். டிரம்மர் ஃபில் ரட் அதற்கு முன்பே வெளியே. அப்புறம், மறதி நோயால் விலகியிருந்த ரிதம் கிட்டார் கலைஞர் மால்கம் யங் 2017 நவம்பரில் காலமானார்.

மற்ற மூவரையும் திரும்ப அழைத்து, 2020 நவம்பரில் ஆல்பத்தைக் கொண்டுவந்தார் லீட் கிட்டார் வாசிக்கும் ஆங்கஸ் யங், மால்கமின் தம்பி. 12 பாடல்களிலும் எழுதியவர்களாக ஆங்கஸ், மால்கம் இருவர் பெயரும் இருக்கின்றன. அண்ணன் விட்டுச்சென்ற மெட்டுகளைத் தம்பி எடுத்துக் கோத்திருக்கிறார்.

ஹெட்போனில் கேளுங்கள். லீட் கிட்டாரை விட்டுவிட்டு, அடியில் தாளம்போல ஓடும் ரிதம் கிட்டாரை மட்டும் காதால் பின்தொடருங்கள். வாசிப்பவர் இன்னொரு அண்ணனின் மகன் ஸ்டீவி யங். ஓங்கி ஒரு அடி, உடனே நரம்பை அடக்கி ஒரு மௌனம், மறுபடி அடி. மால்கமின் கை அப்படியே தெரிகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உங்கள் இசைப் பக்கத்தில் இனி இந்தக் குழுவைப் பற்றி எழுதும்போது, மால்கமுக்கென்று ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்