மின்னூலின் பூட்டைக் கழற்றுங்கள்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றும் பிடிஎஃப்களால் உங்களுக்கு நேரும் நட்டத்தை அறிவோம். அது திருட்டுதான். ஆனால் அந்தக் கோப்புகளைத் திறந்து பாருங்கள்: கோணல் பக்கம், ஓரத்தில் கட்டைவிரல், நடுவில் தையல் மடிப்பின் நிழல். பெரும்பாலும் அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்தவை. நகலெடுப்பதையும் வேறு கருவியில் திறப்பதையும் தடுக்க மின்னூலில் நீங்கள் போடும் டிஆர்எம் பூட்டு ஸ்கேனரைத் தடுப்பதில்லை. காசு கொடுத்து வாங்கியவரைத்தான் தடுக்கிறது. தயவுசெய்து அதைக் கழற்றுங்கள்.

பூட்டிய நூலை வாங்கியவர் எப்போதும் கடையையே நம்பியிருக்க வேண்டும். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது பணம் திரும்பி வந்தது, வாங்கிய நூல்கள் போய்விட்டன. 2025 பிப்ரவரி 26 முதல், கிண்டில் நூல்களைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் நிறுத்திவிட்டது.

பார்வையற்ற வாசகரின் நிலை இன்னும் மோசம். பூட்டிய கோப்பு பிரெய்ல் மென்பொருளில் திறக்காது. விற்ற கடையின் செயலிக்கு வெளியே, அவருக்குப் பழக்கமான திரைவாசிப்பானில், அவர் விரும்பும் குரலில், விரும்பும் வேகத்தில் கேட்கவும் வழியில்லை. திருட்டு ஸ்கேனும் உதவாது. அது வெறும் படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரியில் கொடுத்தால் 'ரு'வும் 'கு'வும் குழம்பி வரும். ஆக, விலை கொடுத்தவர் கையில் ஒன்றுமில்லை. அணுகத்தக்க வடிவுக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அவருக்குத் தந்திருக்கிறது. பார்வையற்றோருக்கு அணுகத்தக்க நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். சட்டம் கொடுத்ததை உங்கள் பூட்டு பிடுங்குகிறது. இதை எத்தனை முறைதான் சொல்வது?

பூட்டில்லாமல் நேரடியாக விற்கும் சில பதிப்பகங்களோ, பழைய எழுத்துருவில் கோத்த பக்கங்களை அப்படியே பிடிஎஃப் ஆக்கித் தருகின்றன. அதில் ஒரு வரியை நகலெடுத்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். தேடவும் முடியாது, கேட்கவும் முடியாது. மின்னூல் என்ற பெயரில் இதற்கு விலை வைப்பது சரியல்ல.

செய்ய வேண்டியது அதிகமில்லை. உரையை, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றுங்கள். 'ஸ்ரீ', கொம்பு, காலெழுத்து ஆகியவை உடைந்திருக்கின்றனவா என்று ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். மின்னூல்களுக்கான பொது வடிவமான இபப் கோப்பாக்கி, முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் வாங்கியவரின் மின்னஞ்சலையும் ரசீது எண்ணையும் பதியுங்கள். கோப்பு கசிந்தால் யாரிடமிருந்து போனது என்று தேட அது உதவும். அந்த வரியை அழித்துவிட முடியும்தான், ஆனால் டிஆர்எம்மையும் உடைக்கிறார்களே.

அமேசானில் மட்டுமே மின்னூலை விற்கச் சம்மதிக்கும் கேடிபி செலக்ட் திட்டத்தில் நூல் இருக்கும் 90 நாளும் மின்வடிவை வேறெங்கும் விற்க முடியாது. இந்திய விற்பனைக்கு 70 சதவீத உரிமத்தொகை வேண்டுமென்றால் அதில் சேர்ந்தாக வேண்டும் என்பதும் தெரியும். எல்லா நூலையும் வெளியே எடுக்கச் சொல்லவில்லை. விற்பனை ஓய்ந்த பழைய நூல்களுக்கு மட்டும் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி, கெடு முடிந்ததும் உங்கள் தளத்தில் நேரடியாக விற்றுப் பாருங்கள். அமேசானிலேயே தொடரும் நூல்களுக்காவது டிஆர்எம் வேண்டாம் என்று குறியுங்கள்.

பணிவுடன்,
மின்னூல்களை விலை கொடுத்து வாங்கும் வாசகர்கள்