அவர்கள் தமிழ் படித்து வரும்வரை காத்திருக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சமீபத்தில் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், வடமாநிலத்துப் பிள்ளைகள் வடசென்னை முழுக்க நிறைந்துவிட்டார்கள், ஒருத்தருக்கும் தமிழ் தெரியவில்லை, இவர்களோடு எப்படித்தான் புழங்குவது என்று எழுதியிருந்தார். அவர் சொன்ன சிரமம் உண்மைதான். நான் புது வண்ணாரப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்து, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், தினம் தினம் பார்க்கிறேன். ஆனால் "முதலில் தமிழ் கற்றுக்கொண்டு வரட்டும், அப்புறம் பேசலாம்" என்று முடித்திருந்தாரே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்ல அமெரிக்கா வரைக்கும் போய் வர வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை குடும்பம் அங்கே இருக்கிறது. அவள் மகனுக்கு 19 வயது. கூடப் படித்த பிள்ளைகளோடு பழகி மார்மன் சபையில் சேர்ந்துவிட்டான். அதனால் வீட்டில் நடந்த அழுகையும் சண்டையும் எங்கள் குடும்ப விஷயம், அது இங்கே வேண்டாம். மார்மன் என்பது ஊர் கூப்பிடுகிற பெயர், அவர்கள் சொல்லிக்கொள்வது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கியது, இப்போது தலைமையிடம் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டி. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப் பட்டையோடு இரண்டு இரண்டு பேராக நடந்து போகிற பையன்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள், அவர்கள்தான். பையன்களுக்கு இரண்டு வருஷ ஊழியம், வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி மதம் சொல்வது. சம்பளம் கிடையாது, கைக்காசும் வீட்டுக்காசும் போட்டுத்தான் போகிறார்கள். எந்த ஊர், எந்த மொழி என்பதைத் தலைமையிடம் முடிவு செய்து சொல்லும். இவனுக்கு வந்தது டெக்சாஸ், ஸ்பானிஷ் பேசுகிற மக்கள் மத்தியில்.

பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் ஸ்பானிஷ் படித்திருந்தான். அதற்கு மேல் ஆறு வாரம் பயிற்சி நிலையத்தில் வைத்துப் பழக்கி அனுப்பினார்கள். முன்பெல்லாம் இந்த ஊழியத்துக்குப் போன பிள்ளைகள் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வீட்டோடு பேச முடியுமாம், கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று. 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒரு நாள் பேசலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அப்படி முதல் வாரம் முடிந்து அவன் பேசினபோது தங்கை என்னையும் வீடியோவில் சேர்த்துவிட்டாள்.

காலை ஆறரைக்கு எழுந்து வேதப் படிப்பு, மொழிப் பாடம், அப்புறம் வெளியே கிளம்பினால் இரவுதான் அறைக்குத் திரும்புவது. இவனுக்கு முன்னால் வந்த ஒரு பையன் கூடவே இருந்து பழக்குகிறான். போகிற இடமெல்லாம் மெக்சிகோ, ஹோண்டுராஸ், எல் சால்வடார் என்று பிழைக்க வந்தவர்கள், வெயிலில் கூரை வேய்கிறவர்கள், ஓட்டல் அறை சுத்தம் செய்கிறவர்கள். முதல் நாள் சாயங்காலம் ஒரு பாட்டியம்மா கதவைத் திறந்ததும் மளமளவென்று பேச ஆரம்பித்துவிட்டாராம். இவனுக்கு ஒரு வார்த்தை கூடப் பிடிபடவில்லை, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். கூட வந்தவனுக்குத்தான் விஷயம் புரிந்தது. குடியிருப்பு நிர்வாகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்திருக்கிறது, காலி பண்ணச் சொல்கிறார்களோ என்று அந்த அம்மா பயந்துபோய், பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துப் போகும்போதும் வரும்போதும் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். படித்துப் பார்த்தால், வாடகை கட்டும் முறை அடுத்த மாதத்திலிருந்து மாறுகிறது என்கிற தகவல், அவ்வளவுதான். அதைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு நிமிஷம் கழித்துத்தான் அந்த அம்மாவுக்குப் பேச்சு வந்ததாம். அப்புறம் காபி போடப் போய்விட்டார். இந்தச் சபையில் காபியும் கூடாது, டீயும் கூடாது. அதை மரியாதையாகச் சொல்லத் தெரியாமல் இவன் திணற, கடைசியில் செம்பருத்தி இனத்துப் பூ ஒன்றைக் காய்ச்சி ஆறவைத்த சிவப்புச் சர்பத் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அவன் என்னிடம் சொன்னது இது. "மாமா, ஜெபம் பண்ணவும் பைபிள் சொல்லவும் பயிற்சியிலேயே நல்லா சொல்லிக்கொடுத்துட்டாங்க. வாடகைக்கு என்ன வார்த்தை, காய்ச்சலுக்கு என்ன வார்த்தைன்னு யாரும் சொல்லலை." மறுநாளிலிருந்து சட்டைப் பையில் சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொண்டு, போகிற வீட்டிலெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்கிறான். சபைக் கூடத்தில் மாலையில் இலவசமாக ஆங்கில வகுப்பும் நடத்துகிறார்கள், வேலை முடிந்த அலுப்போடு வந்து உட்காருகிறார்களாம். யாரையும் ஆங்கிலம் படித்து வந்தால்தான் பேசுவேன் என்று நிறுத்தி வைக்கவில்லை. இவர்கள் அவர்கள் மொழியில் தட்டுத்தடுமாறிப் பேசிக்கொண்டே, அவர்களுக்கு ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கிறது.

கதவைத் தட்டி மதம் சொல்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. நான் முருகன் கோயிலுக்குப் போகிறவன், அதை அவனிடமே சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சு தனி. அதை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் அந்தப் பாட்டிக்குக் கடிதம் படித்துச் சொன்னது மிச்சம் இருக்கிறது, நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

நம் பக்கம் வாருங்கள். காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர்கள், தண்டையார்பேட்டைக் குடோன்களில் மூட்டை தூக்குகிறவர்கள், மணலி, எண்ணூர்ப் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள், எம்.சி. ரோட்டுக் கடைகளுக்குத் துணி தைக்கிறவர்கள் என்று எங்கே பார்த்தாலும் ஒடிசா, பீகார், வங்காளம், ஜார்க்கண்ட் பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்போது குடும்பத்தோடும் வருகிறார்கள். ஒரு அரசு மருத்துவமனையில் நான் பிரஷர் மாத்திரை வாங்கப் போனபோது, எனக்கு முன்னால் ஒடியாக்காரப் பெண் ஒருத்தி, இருபது வயசு இருக்கும், கைக்குழந்தையோடு நின்றாள். ஓ.பி. சீட்டை நனைந்துபோகும் அளவுக்கு உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று நர்ஸ் கேட்டார், பதில் இல்லை, மறுபடியும் கேட்டார், மூன்றாவது தடவை சத்தமாகக் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பின்னால் வரிசை வாசல் வரை நின்றது. ஊசி போட்டுக்கொள்ள வந்திருந்த பானிபூரிக் கடைப் பையன் ஒருவன், பீகார்க்காரன், இங்கேயே இருந்து தமிழ் பழகினவன், இந்தியில் அவளிடம் கேட்டுச் சொன்னான். மூன்று நாளாகக் காய்ச்சல், வாந்தியும் இருக்கிறது, மெடிக்கல் ஷாப்பில் ஏதோ சிரப் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். வாந்தி என்றதும் டாக்டர் குழந்தையைப் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். அந்தப் பையன் அந்த நேரத்தில் அங்கே இல்லாமல் போயிருந்தால்?

இந்தியை உள்ளே விடச் சொல்கிறாயா என்று சிலர் கேட்பார்கள். எங்கள் அப்பா 1965-ல் ஊர்வலம் போனவர், இந்தித் திணிப்பு எந்த வடிவில் வந்தாலும் நான் எதிர்ப்பேன். அரசாங்கம் நம் தலையில் ஒரு மொழியைக் கட்டுவது ஒன்று, காய்ச்சல் குழந்தையோடு நிற்கிறவளிடம் அவளுக்குப் புரிகிற மாதிரி நாலு வார்த்தை நாமாகப் பேசுவது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

அதுவும் இது வடசென்னை. 1918-ல் பெரம்பூரில் பின்னி மில் தொழிலாளிகளைச் சேர்த்து மெட்ராஸ் லேபர் யூனியன் கட்டினபோது தலைமைக்கு வந்த பி.பி. வாடியா ஒரு பார்சிக்காரர். அவர் ஆங்கிலத்தில் பேசப் பேச, பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல ஆள் இருந்தது, அப்படித்தான் அந்தச் சங்கம் நின்றது. வியாசர்பாடியில் ஏழைகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் நடுவில் வேலை செய்து 1967-ல் காலமான மந்தோவானி பாதிரியார் இத்தாலிக்காரர். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த நம் சனங்கள் குடியேறினதும் இதே பக்கம்தான். வந்தவரோடு பேசிப் பழகின ஊர் இது.

ஆகவே அந்த வாசகருக்கும், நம் பகுதி கவுன்சிலர்களுக்கும், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கும், தெருவுக்குத் தெரு இருக்கிற கேரம், கால்பந்து மன்றத்துப் பிள்ளைகளுக்கும் ஒன்று கேட்கிறேன். இரண்டு இரண்டு பேராகச் சேருங்கள், ஒருவர் நம் பிள்ளை, இன்னொருவர் அந்தப் பானிபூரிக் கடைப் பையன் மாதிரி தமிழ் பழகின வெளிமாநிலத்தவர். காலையில் ஓ.பி. நடக்கும்போது ஒரு ஜோடி அங்கே நிற்கட்டும், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தங்கியிருக்கிற இடத்துக்குப் போகட்டும். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது, சொந்த ஊர் அட்டையை வைத்தே இங்கே அரிசி வாங்கலாம் என்பது அவர்களில் பலருக்கு இன்னும் தெரியாது, அதைச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க என்னென்ன காகிதம் வேண்டும் என்று சொல்லுங்கள். மதம் வேண்டாம், கட்சி வேண்டாம். அங்கேயே அவர்களுக்குத் தமிழும் சொல்லிக்கொடுங்கள், ஆசையாகவே கற்றுக்கொள்வார்கள். வகுப்பு நடத்த என் வீட்டு மாடியைத் தருகிறேன், மின்விசிறியும் விளக்கும் இருக்கிறது.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு நாள், சென்னைப் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம் போட்டு, ஒடியாவிலும் வங்காளியிலும் இந்தியிலும் பத்துப் பத்து வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் அச்சிடுங்கள், வெட்டி ஓ.பி. ஜன்னலிலும் ரேஷன் கடையிலும் ஒட்டிக்கொள்ளலாம். முதல் வாரம் ஆஸ்பத்திரி வாக்கியங்களைப் போடுங்கள்: எத்தனை நாளாகக் காய்ச்சல், எங்கே வலிக்கிறது, வாந்தி இருக்கிறதா, இதற்கு முன் என்ன மருந்து கொடுத்தீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற துறைமுகத் தொழிலாளி,
புது வண்ணாரப்பேட்டை, சென்னை.