ரத்தம் எடுத்துப் போனவர்களுக்குக் கூடலூரிலிருந்து

மரபணு ஆய்வு செய்கிற எல்லோருக்கும் வணக்கம்.

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பணியர் என்கிற பழங்குடி மக்களின் ஊர்களுக்கு வரும்போது பேச்சுத் துணைக்கு உள்ளூர் ஆள் யாரையாவது கூட்டிக்கொண்டு போவீர்கள். ஒருமுறை நான் போனேன். எச்சில் எடுக்கும் குழாயைக் கையில் வாங்கிய ஒரு பாட்டி, இதில் என்ன இருந்தது என்று எப்போது வந்து சொல்வீர்கள் என்று கேட்டார். சொல்வார்கள் என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன். யாரும் வரவில்லை. பாட்டி இப்போது இல்லை.

பணியர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து கப்பல் உடைந்து கரையேறியவர்களின் வாரிசுகள் என்று தோட்டத் துரைமார் நம்பியதை 1909-ல், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய தன் புத்தகத்தில் எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்தார். சுருட்டை முடியைப் பார்த்துக் கட்டிய கதை, இங்கே டீக்கடையில் இன்னும் ஓடுகிறது. உங்கள் ஆய்வுகளோ வேறு சொல்கின்றன: தென்னிந்தியர் எல்லோரிடமும் கொஞ்சமாவது இருக்கிற, இந்தத் துணைக்கண்டத்தின் மிகப் பழைய மூதாதையர் மரபு அதிகமாக உள்ள மக்களில் பணியரும் ஒருவர். வயநாட்டு வள்ளியூர்க்காவுக் கோயில் திருவிழாவில் வருஷக் கணக்கில் பண்ணையடிமையாகப் பேரம் பேசப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் காதில் இது விழ வேண்டாமா?

அப்புறம், அரிவாள் செல் நோய்: ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகிற பரம்பரை நோய். நீலகிரிப் பழங்குடிகளிடம் அது இருப்பது 1952-லேயே தெரியும். சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. விரல் நுனியில் ஒரு துளி ரத்தம், அதைக் கரைசல் உள்ள சின்னக் குழாயில் விட்டு, பின்னால் கோடு போட்ட அட்டையைப் பிடிக்க வேண்டும். கோடு தெரிந்தால் சரி, கலங்கி மறைந்தால் அடுத்த சோதனைக்கு அனுப்ப வேண்டும். அப்பா அம்மா இருவருமே நோயில்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமந்தால் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சின்னச் சமூகத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுப்பவர்களுக்கு இது கல்யாணத்துக்கு முன்னால் தெரிய வேண்டிய விஷயம். பெயரை நீக்கி எண் போட்டுவிட்டோம், யாருடையது என்று எங்களுக்கே தெரியாது என்பீர்கள். சரி, எண் போடுவதற்கு முன்பே, முடிவு தெரிய வேண்டுமா என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள்.

அமெரிக்காவில் ஹவசுபாய் என்கிற பழங்குடி மக்கள், சர்க்கரை நோய் ஆய்வுக்கென்று நம்பிக் கொடுத்த ரத்தம் வேறு ஆய்வுகளுக்கும் போனதை எதிர்த்து வழக்காடி, 2010-ல் மிச்சத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். இங்கே யாரும் அவ்வளவு கேட்கவில்லை. ஒரு நாள் திரும்பி வாருங்கள், அவ்வளவுதான். பகலில் வேண்டாம், எல்லோரும் கூலி வேலைக்குப் போயிருப்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள், நான் கூட வருகிறேன்.