‘குறைந்தது’ எங்கே போனது? மழை அளக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மொட்டை மாடியிலும் பள்ளிக்கூடத் தோட்டத்திலும் எஸ்டேட் ஆபீஸ் வாசலிலும் மழைமானி வைத்து அளந்துவரும் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு வணக்கம்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீவைகுண்டம் பக்கம் என் வீட்டு மாடியில் இருப்பது 200 சதுர செ.மீ. வாய் கொண்ட மழைமானி. உள்ளே நாலு லிட்டர் பாட்டில். 200 மி.மீ. பெய்தால் பாட்டில் நிரம்பிவிடும். மற்ற வருஷங்களில் பாதி நிரம்பினாலே தெருவில் இறங்கிச் சொல்லுவேன். அன்றைக்கு இரண்டு முறை காலி செய்தாயிற்று. மூன்றாவது முறை குடையும் டார்ச்சுமாக மாடி ஏறினால், பாட்டில் வழிந்துகொண்டிருக்கிறது. வழிந்தது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? மறுநாள் காலையில் கணக்குக் கூட்டி, எண்ணுக்கு முன்னால் ‘குறைந்தது’ என்று நோட்டில் எழுதினேன்.

கரண்டும் சிக்னலும் வந்த பிறகு வாட்ஸ்அப் குழுவில் அப்படியே போட்டேன். ஒருவர் அதை எடுத்து அட்டவணையில் சேர்த்தார். அட்டவணையில் எண்ணுக்குத்தான் கட்டம் இருந்தது, ‘குறைந்தது’ விழுந்துபோனது. இரண்டு நாள் கழித்து அந்த அட்டவணை ஸ்கிரீன்ஷாட்டாக எனக்கே திரும்பி வந்தது. அதில் என் எண்ணுக்குத் தசமப் புள்ளி வேறு! தொகுத்தவர் மேல் கோபமில்லை. ஊரே முழுகிக் கிடக்கும்போது ராத்திரி முழுக்க உட்கார்ந்து தொகுத்தவர் அவர். கட்டம் இல்லாததுதான் குறை.

நாம் எண்ணைப் பகிர்கிறோம். அது எப்படிக் கிடைத்தது என்ற விவரத்தை வழியிலேயே விட்டுவிடுகிறோம்.

தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது எந்த நாள் என்று கேட்டால் ஊர்க்காரர்கள் 17 என்பார்கள். வானிலை ஆய்வு மையத்தின் பதிவில் அது 18. காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை அவர்களுக்கு ஒரு நாள். முடிகிற நாளின் தேதியைத்தான் போடுவார்கள். 2015-இல் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்ததைச் சென்னைக்காரர்கள் டிசம்பர் 1 என்றே நினைவு வைத்திருக்கிறார்கள். பதிவில் டிசம்பர் 2. நம்மில் பலர் காலையில் அளந்துவிட்டு, ‘நேற்றுப் பெய்தது’ என்று முந்தைய நாள் தேதியில் எழுதுகிறோம். தானியங்கி மானி வைத்திருப்பவர்களில் சிலருக்கு நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை ஒரு நாள். எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொட்டி, ஆற்று நீர்மட்டத்தோடு ஒப்பிட்டால், மழை பெய்வதற்கு முந்தின நாளே தாமிரபரணியில் வெள்ளம் வந்த மாதிரி இருக்கும்.

இதில் நானும் யோக்கியன் இல்லை. முதல் மூன்று வருஷம் முந்தைய நாள் தேதியில் எழுதினேன், பிறகு மாற்றிக்கொண்டேன். எந்த நாளில் மாற்றினேன் என்று எங்கேயும் குறித்துவைக்கவில்லை.

அப்புறம் பூஜ்யம். மழை இல்லாத நாளைக் காலியாக விட்டுவிடுகிறோம். அன்றைக்கு மழை இல்லையா, நாம்தான் கல்யாணத்துக்குப் போயிருந்தோமா? பத்து வருஷம் கழித்துப் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் 1997 ஜூலை 28 அன்று வெள்ளம் வந்தது. ஊரின் ஒரு பக்கம் கொட்டித் தீர்த்தது, இன்னொரு பக்கம் கொஞ்சம்தான். சில மானிகளை மட்டும் நம்பினால் இப்படி ஏமாந்துபோவோம் என்று 1998-இல் வீட்டுக்கு வீடு மழைமானி வைக்கும் அமைப்பைத் தொடங்கினார்கள். அங்கே பூஜ்யத்தையும் தினமும் கேட்டு வாங்குகிறார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் வயநாடு இருக்கிறது. ஹியூம் மையம் என்ற அமைப்பு அந்த மாவட்டத்தில் 200-க்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து மழை அளவு திரட்டுகிறது. 2024 ஜூலை 30 நிலச்சரிவுக்கு முந்தைய நாள், பக்கத்தில் பதிவான மழையைப் பார்த்து மாவட்ட நிர்வாகத்துக்கு எச்சரிக்கை சொன்னது அந்த மையம்தான். நம்மிடம் இருப்பதும் அதே மாதிரி மழைமானிதான். ஆனால் நம்முடையது பத்துக் குழுக்களில் பத்து வடிவத்தில் கிடக்கிறது.

பழைய நோட்டுகள் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். மாஞ்சோலையில் 2024-இல் தேயிலைத் தோட்ட வேலை நின்றுபோய், தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களில் பலர் மலை இறங்கினார்கள். எஸ்டேட் என்றால் மழை ரிஜிஸ்டர் வைப்பது வழக்கம். ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி பக்கத்துப் பழைய ஏடுகள் உங்கள் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். பக்கத்துக்கு ஒரு போட்டோ போதும், ஓரத்தில் எழுதியிருக்கும் குறிப்பும் சேர்ந்து விழட்டும். தட்டச்சு செய்ய ஆள் கிடைக்கும். 2020-இல் ஊரடங்கில் வீட்டில் முடங்கிக் கிடந்த பிரிட்டன்காரர்கள் சுமார் 16,000 பேர், 65,000-க்கும் மேற்பட்ட பழைய மழைத் தாள்களை 16 நாளில் தட்டச்சு செய்து முடித்தார்கள். ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் கூப்பிட்ட கூப்பாட்டுக்கு வந்த கூட்டம் அது. ஒரே தாளைப் பலர் தனித்தனியே பதிந்ததால், ஒருவர் செய்த தப்பை இன்னொருவர் பதிவு காட்டிக்கொடுத்தது. அந்த நாட்டின் மழைக் கணக்கு 1862-இலிருந்து பின்னால் போய் 1836-ஐத் தொட்டது இதனால்தான்.

அரசு அலுவலகங்களுக்கும் ஒரு வார்த்தை. மக்கள் பணத்தில் திரட்டிய தரவை மக்களுக்குத் தர வேண்டும் என்று 2012-லேயே மத்திய அரசு கொள்கை வகுத்துவிட்டது. தருகிறீர்கள், சரி. ஆனால் ஸ்கேன் செய்த படமாகத் தந்தால் நாங்கள் மறுபடி ஒவ்வொரு எண்ணாகத் தட்ட வேண்டியிருக்கிறது. எக்செல் கோப்பாகவே கொடுங்கள்.

‘என் டேட்டாவை எடுத்துத் தன் பேரில் போட்டுக்கொள்வார்கள்’ என்று நம்மில் சிலர் தயங்குவது எனக்குத் தெரியும். அனுபவப்பட்டவர்கள் சொல்கிறார்கள், தப்பில்லை. அதற்கு வழி உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் இருக்கிற மாதிரி, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் பெயர் சொல்லித்தான் எடுக்க வேண்டும் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைப் போட்டுவிடலாம். வீட்டைக் காட்ட விருப்பமில்லையா, தெரு வேண்டாம், ஊரும் தாலுகாவும் போதும். தாலுகா மட்டும் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் ‘புதூர்’ என்று மட்டும் எழுதினால் எந்தப் புதூர் என்று கண்டுபிடிக்க முடியாது.

என் நோட்டு மொத்தம் எட்டு வருஷத்துடையது. முழுக்கப் படம் எடுத்துவிட்டேன். முதல் மூன்று வருஷத்துத் தேதிகளில் ஒரு நாள் முன்பின் இருக்கலாம் என்று முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். பொது அட்டவணை ஒன்றை யார் தயாரிக்க முன்வந்தாலும் அவருக்குத் தருகிறேன். அதில் எண்ணுக்குப் பக்கத்தில் அளந்த நேரத்துக்கு ஒரு கட்டமும், குறிப்புக்குக் கொஞ்சம் அகலமான ஒரு கட்டமும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அக்டோபரில் மழை பிடித்துவிட்டால் யாருக்கும் நேரம் இருக்காது. செப்டம்பருக்குள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஸ்ரீவைகுண்டம் பக்கத்து மழைமானிக்காரன்