முக்கோணம் சொல்வது எலிக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பக்கத்து வயலில் நடவு முடிந்த மூன்றாம் நாள் பியூட்டாகுளோர் என்ற களைக்கொல்லியை மணலில் கலந்து வீசினார்கள். என்ன மருந்து என்று கேட்டேன். "சிவப்பு முக்கோணம் இல்ல சார், பயப்படாதீங்க" என்றார் வயல்காரர். அன்று ராத்திரியே நல்ல மழை, நாற்று மூழ்கிவிடும் என்று மடையைத் திறந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தண்ணீர் நேராக ஊர்க் குட்டைக்குத்தான் போகிறது.

டப்பாவில் இருக்கும் அந்த முக்கோணத்தின் நிறம் எலியை வைத்துப் போட்ட கணக்கு. எலியின் எடையில் கிலோவுக்கு 5000 மில்லிகிராமுக்கு மேல் கொடுத்தால்தான் பாதி எலிகள் சாகும் என்றால் பச்சை. அதற்காக குட்டையில் புள்ளி புள்ளியாகத் துள்ளும் தண்ணீர்த்தெள்ளுக்கும் (வண்ணமீன் வளர்ப்பவர்கள் மொய்னா, டாப்னியா என்பார்களே, அதுதான்) பச்சை என்று ஆகிவிடாது. மீன் குஞ்சு முதலில் தின்பது இதைப் போன்ற உயிர்களைத்தான்.

நான் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவன். டாப்னியாவை மருந்து கலந்த தண்ணீரில் விட்டு இரண்டு விதமாகச் சோதித்துப் பார்க்கலாம். ஒன்று 48 மணி நேரச் சோதனை, பாத்திரத்தை லேசாக ஆட்டிவிட்டு 15 விநாடிக்குள் நீந்துகிறதா என்று பார்த்தால் முடிந்தது. இன்னொன்று 21 நாள். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத பெண் குட்டிகளை பீக்கருக்கு ஒன்றாக விட வேண்டும். டாப்னியாவின் உடம்பு கண்ணாடி மாதிரி, லென்ஸில் பார்த்தால் முதுகுப்பக்கப் பையில் முட்டைகள் தெரியும். ஆண் துணையில்லாமலே குட்டி போடும். தினமும் குட்டிகளை டிராப்பரால் உறிஞ்சி எடுத்து எண்ண வேண்டும், ஒன்றாவது ஒரு இடத்தில் நிற்குமா, பதினேழு எண்ணும்போது ஒன்று திரும்ப நீந்திப் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. மருந்தே இல்லாத தண்ணீரில் ஒரு தாய்க்குச் சராசரியாக 60 குட்டியாவது வராவிட்டால் அந்தச் சோதனையே செல்லாது.

இவ்வளவு பாடுபடுவது எதற்கு என்றால், சாகடிக்காத அளவு மருந்திலும் தாய் நன்றாக நீந்தும், தின்னும், ஆனால் முதல் ஈற்று தள்ளிப்போகலாம், குட்டி குறையலாம். 48 மணி நேரத்தில் இது எதுவும் தெரியாது.

21 நாள் சோதனையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பீக்கரில் டாப்னியாவுக்கு நாம் பாசியைத் தனியாக ஊட்டுகிறோம். களைக்கொல்லியோ செடியைக் கொல்லவென்றே செய்தது, பாசியும் ஒரு வகைச் செடி மாதிரிதான். குட்டையில் மருந்து முதலில் சோற்றில் கை வைக்கும், பீக்கரில் அது தெரியவே தெரியாது. அப்புறம் சோதனை நடப்பது 20 டிகிரியை ஒட்டி, நம் வயல் தண்ணீர் மத்தியானத்தில் 30-ஐச் சாதாரணமாகத் தாண்டும்.

நான் மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை, களையெடுக்க ஆள் கிடைக்காத கஷ்டம் எனக்கும் தெரியும். நம் குட்டை மொய்னாவையே வைத்து, நம் வெயிலில், டப்பாவில் விற்கும் அதே கலவையை ஊற்றிக் குட்டிகளை எண்ணிப் பார்க்கட்டும். வந்த கணக்கை முக்கோணத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி போடாமல் படிக்கிற எழுத்தில் அச்சிடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
தஞ்சாவூர் மாவட்டம்